பூஜைக்குக் கேட்ட பிளாப்பிகள்

1997 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். மேற்கே மருதமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. சிங்காநல்லூரில் அப்போது தூறல் மட்டும்தான், சட்டை நனையாத தூறல். அன்று ஆயுத பூஜை. என் மொபெட்டின் முன்கூடையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு சென்னியப்பனின் பட்டறை வாசலில் போய் இறங்கினேன். டின்னுக்குள் இரண்டு பிளாப்பிகள் இருந்தன. அவை அன்று என் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பிளாப்பியை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது கம்ப்யூட்டர் பதிவின் நகல் தானாகவே போய் எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது அதைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோவையில் இருபத்து மூன்று சின்னத் தொழில்களுக்கு நான்தான் அந்த ஆள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு ஜோடி பிளாப்பி, ஜோடியின் இரண்டிலும் ஒரே பதிவு. ஒரு ஜோடி அவர்களிடம், இன்னொரு ஜோடி என் வீட்டு அலமாரியில், பெயர் எழுதிய டின்னுக்குள். வாரம் ஒருமுறை மாற்றுவேன். புதியதை வீட்டில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பழையதைத் திருப்பிக் கொடுப்பேன். கம்ப்யூட்டரும் இரண்டு ஜோடியும் ஒரே கூரையின் கீழ் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து இருக்காது. சென்னியப்பன் பட்டறைக்கும் என் வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டர்தான் என் தொழில், வேறொன்றும் இல்லை.

இந்த வழக்கத்தை மீறச் சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பல்லடத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணைக்காரர், என்னிடம் கொடுப்பதற்குப் பதிலாகத் தானே பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். முட்டை பொரிக்கும் அறையில் வைத்திருந்தார். "மழைக்காலத்துல பூஞ்சை புடிக்காதுங்க, எந்நேரமும் கதகதப்பா இருக்கும்" என்றார். நான்கு பிளாப்பியும் நெளிந்துபோயிருந்தன. "குஞ்சு ஒண்ணும் வரலீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, என்னை விடப் பெரிதாகச் சிரித்தார். அப்படிச் சிரித்த நான், மூன்று மாதம் கழித்து அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன்.

சென்னியப்பன் பட்டறையில் இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளுக்குக் காலிப்பர் செய்தார்கள். இரும்புக் கம்பி, தோல் வார், முட்டியில் ஒரு பூட்டு, கீழே பூட்ஸ். மாட்டிக்கொண்டால் சூம்பிய கால் மடங்காமல் நிற்கும். சென்னியப்பனுக்கே வலது காலில் காலிப்பர்தான். அவர் மனைவி சரோஜா கம்ப்யூட்டரில் பதிவு வைத்தார். மொத்தம் 347 குழந்தைகள். பெயர், ஊர், கதவு எண், தொடை நீளம், பாத அளவு, அதற்குப் பக்கத்தில் "ஊசி என்றால் பயம்", "மாமா கூட்டி வருவார்" என்பது போல ஒரு வரி.

அந்தப் பதிவு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தை வளரும், கம்பி வளராது. பத்து மாதம் போனால் காலிப்பர் குட்டையாகிவிடும், இடுப்பு ஒரு பக்கம் சாயும். பெற்றவர்களுக்கு அது தெரியாது, தினமும் பார்க்கிறவர்கள் அல்லவா. அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, யார் யாருக்குப் பத்து மாதம் ஆகிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்டு, சரோஜா தன் கையாலேயே கார்டு எழுதிப் போடுவார். 'கண்ணு, நீ வளந்திருப்பே. ஒருக்கா வந்து அளவு குடுத்துட்டுப் போ.' இவ்வளவுதான் கார்டு. அதைப் பார்த்துப் பேருந்து ஏறி வருவார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை சரோஜா போன் செய்தார்.

"சாருங்க, பூஜைக்கு உங்க ஊட்டுல இருக்கற நம்ம பிளாப்பியையும் கொண்டாந்துருங்க."

"அது எதுக்கு அம்மணி? அங்கயே ஒரு ஜோடி இருக்குதே."

"இருக்குதுங்க. ஒண்ணுக்குப் பொட்டு வெச்சுப்போட்டு இன்னொண்ணை உட்டுட்டா நல்லாவா இருக்கும்? திருப்புளிக்குக்கூடப் பொட்டு வெக்கறமுங்க. இது முந்நூத்தி நாப்பத்தேழு பேருங்க."

"வெளிய எடுக்கறதில்லைன்னு ஒரு வழக்கம் வெச்சிருக்கறேன்."

"ஒரு நாள்தானுங்களே. நீங்களும் பூஜைக்கு வந்த மாதிரி ஆச்சு."

ஐந்து வருடப் பழக்கத்தில் அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சரி என்றேன். மூன்றாவதாக ஒரு ஜோடி நகல் எடுத்து, அதைப் பூஜைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை, வந்தது. மறுநாள் ஒன்பது இடத்துக்குப் போக வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தப் பதினோரு நிமிடம்தான் கண் முன்னால் நிற்கிறது.

பட்டறையைக் கழுவி, தரையில் செய்தித்தாள் விரித்து, சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். சுத்தியல் ஆறு, அரம் பதினான்கு, தோல் தைக்கும் மெஷின், சாணைக்கல். மேசையிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர் பெட்டியும் தரைக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் வாழை இலையில் நான்கு பிளாப்பிகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். காந்தத் தட்டில் சந்தனம் படாமல் ஓரமாக வைக்கும்படி நான் சொன்னேன். அப்போது நான் கவலைப்பட்டதெல்லாம் அதற்கு மட்டும்தான்.

வரிசையின் கடைசியில் சென்னியப்பனின் காலிப்பர் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதைக் கழற்றி வைத்துவிடுவாராம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. அதுவரை அவர் கைத்தடியோடு நடப்பார்.

சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அந்த ரெண்டை மட்டும் எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், நானே என்ற காலைக் கழட்டி வெச்சுப்போட்டு உக்காந்திருக்கறேன். உங்க பிளாப்பி ஒரு ராத்திரி இருக்காதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெறும் டின் கூடையில் வீடு வரைக்கும் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

இரவெல்லாம் மழை. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பட்டறைக்குப் போனேன். அந்தச் சந்து பெரிய ரோட்டை விடப் பதினான்கு அங்குலம் தாழ்வு. பின்னால் நானே அளந்து பார்த்தேன். சாக்கடை அடைத்து, முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே புகுந்து, விடியும்போது வடிந்திருந்தது. சாமி படம் சுவரில் அப்படியே இருந்தது. தரையில் இருந்தவை எல்லாம் சேற்றுக்குள். சென்னியப்பன் படியில் உட்கார்ந்து தன் காலிப்பரிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். சரோஜா நான்கு பிளாப்பிகளையும் சேலைத் தலைப்பால் துடைத்தபடி நின்றார்.

"தொடைக்காதீங்க அம்மணி, மண்ணு கீறிப்போடும்" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "இந்த மாசம் பத்தொம்பது கார்டு போகோணுமுங்க. பூஜை முடியட்டும்னு எழுதாம வெச்சிருந்தேன். யார் யாருக்குன்னு தெரியலீங்களே."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பழைய நோட்டுகளைக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. "இனிமே நோட்டெல்லாம் எதுக்கு, எடைக்குப் போடுங்க" என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னதும் நான்தான்.

அடுத்து நான் செய்ததை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உலைக்கு வைத்திருந்த காற்றாடியை வைத்து இரண்டு மணி நேரம் உலர்த்தினோம். வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் போய்விட்டதா, இருக்கிறதா என்று தெரியாமல் இன்னொரு மணி நேரம் என்னால் உட்கார முடியவில்லை. சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம், பிறகு கருகல் வாடை. ஹார்டு டிஸ்க்கில் பிழைத்திருந்தது எதுவாக இருந்தாலும் அதையும் நானே முடித்துவைத்தேன். நெருக்கடியில் கை எதையாவது செய்யத் துடிக்கும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் வேலைதான், சம்பளம் வாங்கத் தகுந்த வேலை. அதை ஐம்பத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகுதான் நிதானம் வந்தது. நான்கு பிளாப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய், உறையைப் பிரித்து, உள்ளேயிருந்த தட்டை எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் மூன்று நாள் காயவைத்தேன். என் மனைவி கொடியில் துணி போடக்கூட அந்தப் பக்கம் வரவில்லை. "பிரசவ ரூம் மாதிரியில்ல வெச்சிருக்கறீங்க" என்றாள். நான்காம் நாள் புதிய உறைகளில் போட்டுப் படித்தேன். மூன்றில் ஒன்றுமே வரவில்லை. ஒன்றில் பாதிக்குச் சற்று மேல் வந்தது. 204 பெயர்கள். மீதி 143 குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருடங்களில் என்ன செய்தோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன். 1998 முதல் என் வீட்டு அலமாரிக்கே ஆயுத பூஜை நடத்தினேன். இருபத்து மூன்று டின்னுக்கும் பொட்டு, பூ, சுண்டல். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போன் செய்து, "உங்களுது இங்கயே சாமி கும்பிட்டாச்சுங்க" என்று சொல்வேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. சரோஜா மட்டும், "சந்தனம் ஓரமா வெச்சீங்களா சார்?" என்று கேட்டார். மனிதர்களின் வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்கும் உங்கள் விதிக்குள் ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். ஒருவர் வெளியிடத்து நகலைக் கேட்டால் நகலின் நகலைக் கொடுங்கள். அதற்குமேல் இதில் பாடம் என்று எதுவும் இல்லை.

அந்த 143 பேருக்கு வருகிறேன். நான் பட்டறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் பரணைக் காட்டினார்.

"மேல சாந்துக்கால் கெடக்குதே, பாத்தீங்களா?"

பூட்ஸ் செய்வதற்காகக் குழந்தைகளின் பாதத்தைப் பிளாஸ்டர் சாந்தில் வார்த்து எடுப்பார்கள். அந்த வெள்ளைக் கால்களைப் பரணில் அடுக்கியிருந்தார். தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவில்லை. ஏணி போட்டு ஏறி எண்ணினேன், 212 கால்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு பெயர், ஓர் ஊர். அவ்வளவுதான், தெரு கிடையாது, கதவு எண் கிடையாது. பிளாப்பியில் வந்த பெயர்களைக் கழித்தால், புதிதாக 96 பேர் கிடைத்தார்கள். மீதி 47 பேரின் பெயர்கூட இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போனால், "பக்கத்தூர்ல இன்னொரு பையன் இருக்கறானுங்க" என்று சொல்வார்கள் என்று சரோஜா நம்பினார். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கடிதம் போட முகவரி இல்லாததால் நேரில்தான் போக வேண்டும். தப்பு என்னுடையது, போகிறவனும் நானே என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எனக்கு ஓய்வு. அதனால் மாதக்கணக்கில் ஆனது. ஊரில் இறங்கியதும் டீக்கடை, அப்புறம் ரேஷன் கடை, அப்புறம் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். பெயரைச் சொன்னால் தெரியாது. "காலுக்குக் கம்பி போட்ட பிள்ளை" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள்.

பதினான்காவது பயணம் கொடுமுடிக்கு. 1998 ஜனவரி 25, ஞாயிறு. ஈரோட்டில் பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். காவேரிப் பக்கம் வெயில் சுள்ளென்று இருந்தது. சாந்துக்காலின் அடியில் இருந்தது இரண்டே வார்த்தை: கவிதா, கொடுமுடி. ஆற்றோர வாழைத்தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற மாரிமுத்துவின் மகள் என்று ரேஷன் கடையில் சொன்னார்கள். வீட்டில் அவர் இருந்தார்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல கம்பி போட்ட கவிதா ஊடு இதானுங்களா? பட்டறையிலிருந்து வாரேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலில் துண்டை விரித்தார். "உக்காருங்க, உக்காருங்க. நானே நேர்ல வந்து சொல்லோணும்னு இருந்தனுங்க. அம்மணிக்குக் கால் நல்லாயிருச்சு."

"நல்லாயிருச்சுங்களா?"

"ஆமாங்க. பத்து மாசத்துக்கு ஒருக்கா தவறாம கார்டு வருமுங்க. நாலு கார்டும் வெச்சிருக்கறேன். இந்தவாட்டி ஐப்பசில வரோணும், வரலை. கார்த்திகைலயும் வரலை. அவங்க கம்ப்யூட்டர்ல பாத்துத்தானே எழுதறாங்க, இனி கம்பி வேண்டியதில்லைன்னு அதுல வந்திருக்கும்னு நெனச்சமுங்க. மார்கழி பொறக்கறக்கு முந்தியே மாரியம்மனுக்குப் பொங்க வெச்சு, அந்தக் கம்பியைக் கோயில்லயே வெச்சுப்போட்டு வந்துட்டமுங்க."

அப்போது கவிதா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பதினொரு வயது. இடது கையில் சொம்பு, வலது கையால் முட்டிக்கு மேலே தொடையை அழுத்திக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் குனிந்து குனிந்து வந்தாள். கதவிலிருந்து கட்டிலுக்கு ஏழு அடி. என் கைக்கு வரும்போது சொம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அவள் அப்பா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார்.

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, புதிய மாதிரி காலிப்பர் வந்திருக்கிறது, அளவு கொடுக்க வாருங்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வேலை நடந்திருக்கும், அவர் மனமும் நோகாது. அரை நிமிடம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அப்படிச் சொன்னால், அடுத்த தடவை ஏதோ காரணத்தால் கார்டு தவறினால், அவர் மறுபடியும் பொங்கல் வைப்பார்.

"கால் நல்லாகலீங்க" என்றேன். "கார்டு வராம போனது என்ற தப்பு. பேரெல்லாம் எழுதி வெச்சிருந்தது மழைத் தண்ணில போயிருச்சு. ரெண்டு எடத்துல இருக்கவேண்டியதை ஒரே எடத்துல வெச்சுப்போட்டேன்."

அவர் துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அப்ப, யாரும் பாத்துச் சொன்னதில்லீங்களா அது?"

"இல்லீங்க. யாரும் பாக்கவே இல்லை."

கவிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

அவர் திரும்பினார். "என்ன கண்ணு தெரியும்?"

"நல்லாகலைன்னு. அன்னிக்கே தெரியும்."

"ஏங்கண்ணு சொல்லலை?"

"பொங்க வெக்கறப்ப நீ சிரிச்சுட்டே இருந்தியா. அதான்."

மாரிமுத்து எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மன்கிட்டக் குடுத்ததைத் திருப்பி எடுக்கலாமுங்களா?"

"எடுக்க வேண்டாமுங்க. அது இந்நேரம் அம்மணிக்குக் குட்டையாயிருக்கும். அம்மன்கிட்டயே இருக்கட்டும். புதுசு செஞ்சுக்கலாம்."

பதினான்கு நாள் கழித்து இருவரும் கோவைக்கு வந்தார்கள். பழைய அளவை விட இரண்டேகால் அங்குலம் வளர்ந்திருந்தாள். சென்னியப்பன் முட்டிப் பூட்டை மாட்டி, "நில்லு கண்ணு" என்றார். நின்றாள். தொடையில் இருந்த கையை எடுக்க மறந்து நின்றாள். சரோஜாதான் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டார். பிறகு முகவரியைக் கேட்டு நோட்டில் ஒருமுறை, கம்ப்யூட்டரில் ஒருமுறை எழுதினார். மாரிமுத்து சரிதானா என்று படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

அந்தக் காலிப்பருக்கு நான்தான் பணம் கொடுப்பேன் என்றேன். சென்னியப்பன் விடவில்லை. "கொண்டாந்தது உங்க தப்புன்னா, கொண்டாரச் சொன்னது எங்க தப்பு இல்லீங்களா? பாதிப் பாதி போட்டுக்கலாம்." முழுப் பணத்தையும் கல்லாவில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மொத்தம் இருபத்தெட்டுப் பயணம். 143 பேரில் 139 பேரைக் கண்டுபிடித்தோம். நான்கு பேர் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். அந்த நான்கு வீட்டிலும் கார்டு வராததை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பதினோரு நிமிடத்துக்கு நான் கொடுத்த கணக்கு இது: பேருந்துக்கு 1,164 ரூபாய் 75 காசு. வழி கேட்ட கடைகளில் குடித்த டீ 61, அதற்கு 91 ரூபாய் 50 காசு. டிஸ்டில்டு வாட்டர் 24 ரூபாய். கவிதாவின் காலிப்பரும் பூட்ஸும் 1,350 ரூபாய். ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய் இருபத்தைந்து காசு.